திர்சா கொடுத்த ஐஸ்கட்டி

இல்கா ப்ரோயர் தன் கையால் நானூறு மாதாகோவில்களை இடித்தவள். ஒரு கல் கீழே விழவில்லை. ஒரு பாதிரியாரும் வந்து ஏனென்று கேட்கவில்லை. ஒரு மெல்லிய தூரிகையும் ஒரு சீசா வெள்ளை மையும்தான் அவளுடைய கடப்பாரை. கோபுரத்தின் உச்சியிலிருக்கும் சிலுவையை வெள்ளையால் மெழுகுவாள். கூரையை வழித்துவிட்டு உருண்டையாக ஒரு தொட்டி வரைவாள், அதற்கு நாலு கால் வைப்பாள். கோவில் போய்த் தண்ணீர்த் தொட்டி வந்துவிடும். அவள் கட்டிய தொட்டிகளிலெல்லாம் நிஜமாகவே தண்ணீர் நின்றிருந்தால் நெகேவ் பாலைவனத்தில் நெல் விளைந்திருக்கும்.

கோவில் மட்டுமல்ல. பன்றிகளை ஆடாக்கினாள். பனிப்பொழிவை மணல்மேடாக்கினாள். மெழுகுவத்தி ஏற்றிய கிறிஸ்துமஸ் மரங்களில் வத்தியைப் பிடுங்கிவிட்டுச் சவுக்கு மரமாக்கினாள். இதெல்லாம் டெல் அவீவில், வெள்ளைக்காரன் ஆட்சியில், ‘முள்ளெலி’ என்ற குழந்தைகள் வாரப் பத்திரிகைக்காக.

எபிரேய மொழியில் பிள்ளைகளுக்குச் சித்திரக்கதை என்பதே அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. ‘முள்ளெலி’யின் முகப்பில் ‘முழுக்க முழுக்க இந்த மண்ணில் விளைந்தது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். விளைந்தது என்னவோ யாஃபா துறைமுகத்தில். கப்பல்காரர்கள் மீன் சுற்றவும் பூட்ஸ் துடைக்கவும் வைத்திருந்த வெளிநாட்டுச் செய்தித்தாள்களை, பத்திரிகை ஆசிரியர் நாஹூம் பென்-ட்சூர் கட்டுக்கட்டாக வாங்கி வருவார். அதில் வந்திருக்கும் சித்திரக்கதைகளைக் கத்தரித்து இல்காவிடம் கொடுப்பார். அவள் கோவிலை இடித்து, பன்றியை ஆடாக்கி, கதாநாயகனின் தொப்பியைக் கழற்றித் தோட்டக்காரப் பையன் தொப்பியை மாட்டி, அவனை இந்த ஊர்க் குடிமகனாக்கிவிடுவாள். வெள்ளைக்காரச் சர்க்கார் ஒரு மனிதனை உள்ளே விட வருஷக்கணக்கில் யோசிக்கும். இல்காவுக்கு ஒரு முற்பகல் போதும்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. வெளிநாட்டுப் படக்கதை இடமிருந்து வலம் போகும். எபிரேயமோ வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போகிற எழுத்து. பிள்ளைகளின் கண்ணும் அப்படித்தான் போகும். ஆகவே படத்தை அப்படியே போட்டால் ஒருவன் முதலில் செத்துக் கிடப்பான், பிறகு சுடப்படுவான். இதற்கு வழி கண்டுபிடித்தவர் துத்தநாகத் தகட்டில் படம் இறக்கும் மோல்ஹோ. சலோனிக்கா துறைமுகத்துக்காரர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய். சாதாரணப் படமென்றால் நெகடிவின் மெல்லிய படலத்தை உரித்துத் திருப்பிப் போட்டுத்தான் தகட்டில் இறக்குவார். அப்போதுதான் அச்சில் நேராக வரும். சித்திரக்கதை என்றால் திருப்பாமலேயே விட்டுவிடுவார். அச்சில் எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலமாகிவிடும், கதை சரியான திசையில் ஓடும். வீரர்கள் எல்லாரும் இடக்கையால் வாள் சுழற்றினார்கள் என்பதுதான் கைப்பிழை. ‘முள்ளெலி’ படித்து வளர்ந்த பிள்ளைகள் இடக்கையால் சல்யூட் அடித்ததாகவும், ஒரு பள்ளிக்கூடத்தில் அதற்காக டாக்டரை வரவழைத்ததாகவும் சொல்வார்கள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

படத்துக்குள் எழுத்து இருந்தால் குட்டு உடைந்துவிடும் அல்லவா? அதனால் கடைப் பலகை, தெருப் பெயர், வண்டி எண் என்று எழுத்தாக எது கண்ணில் பட்டாலும் இல்கா வெள்ளையடித்துவிடுவாள். பேசுகிறவர்களின் வாயிலிருந்து கிளம்பும் குமிழியையும் அழித்துவிடுவாள். அது பள்ளி ஆசிரியர் சங்கத்தின் உத்தரவு. குமிழி படிக்கிற குழந்தை குட்டிச்சுவராகும் என்பது அவர்கள் கட்சி. படத்துக்குக் கீழே நாலு வரிப் பாட்டுத்தான் இருக்க வேண்டும், எபிரேய எழுத்தில் உயிரொலியைக் காட்டும் உயிர்ப்புள்ளி வைத்து, எதுகையோடு. அந்தப் பாட்டை எல்யாகிம் ஷோஹம் என்ற பள்ளி ஆசிரியர் எழுதினார். அவர் பெயர் கொட்டை எழுத்தில் வரும். இல்காவின் பெயர் பொடி எழுத்தில்கூட வராது. இடித்தவள் பெயரைக் கல்வெட்டில் யார் போடுவார்கள்?

அவள் ஐரோப்பாவில், ஹங்கேரிய மொழி பேசும் தெமேஷ்வார் ஊரில் தொப்பிக் கடை விளம்பரங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவள். எல்லாரும் கப்பலில் மெத்தையும் தலையணையும் கொண்டுவந்தபோது அவள் வரைபலகையைக் கொண்டுவந்தாள். அதன்மேலேயே படுத்தாள், அதன்மேலேயே சாப்பிட்டாள் என்பார்கள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. எபிரேயம் வாயில் நுழையாது. தெருவில் தவறி ஹங்கேரிய மொழியில் முனகினால் போகிறவர் வருகிறவரெல்லாம், “எபிரேயத்துல பேசும்மா!” என்று அதட்டுவார்கள். பேச முடியாத ஊரில் அவளுக்கு ஒரே ஓர் ஆசை. தானே வரைந்த ஒரு கதை, தன் பெயரோடு, சித்திரக்கதை வருகிற அந்தக் கடைசிப் பக்கத்தில் வர வேண்டும். வாராவாரம் போய் நிற்பாள்.

“தோழர் பென்-ட்சூர், இந்த வாரமும் கேக்குறேன்.”

“கேளுங்க, கேளுங்க. கேக்குறதுக்கு மட்டும் வெள்ளைக்காரன் இன்னும் வரி போடல.”

“என் பக்கம்.”

“தோழர் இல்கா, நீங்க தொப்பி வரைஞ்சவங்க. தொப்பிக்குள்ள தலை இருக்கணுமே, தலைக்குள்ள கதை இருக்கணுமே!”

பென்-ட்சூர் முன்பு ஷ்டைன்ஃபெல்டாக இருந்தவர். பெயரை மாற்றி எபிரேயப் பெயர் வைத்துக்கொண்ட நாளிலிருந்து தான் பிறந்ததே இந்த மண்ணில்தான் என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார். பத்திரிகையையும் அப்படித்தான் நம்பினார்.

முப்பத்தாறில் யாஃபா துறைமுகம் வேலைநிறுத்தத்தில் மூடிக்கொண்டது. கப்பல் இல்லை, கட்டு இல்லை, கத்தரிக்க ஒன்றும் இல்லை. பென்-ட்சூர் பழைய பெட்டிகளை எல்லாம் கவிழ்த்துப் பார்த்தார். கடைசியில் இல்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஒரே ஒரு இதழ்,” என்றார். “பிள்ளைங்களுக்குப் பிடிச்சுதுன்னா அந்தப் பக்கம் உங்களுது. பேரும் போடறேன், தலைப்புக்குக் கீழயே. பிடிக்கலைன்னா மறுபடி வாயைத் தொறக்கக் கூடாது, ஒழுங்கா கோவிலை இடிச்சுக்கிட்டிருக்கணும். சம்மதமா?”

“சம்மதம்,” என்றாள் இல்கா. அவளுக்கு எபிரேயத்தில் பிழையில்லாமல் சொல்லத் தெரிந்த சொற்களில் அதுவும் ஒன்று.

அவள் வரைந்தது திர்சா என்ற சிறுமியின் கதை. எட்டுப் படம், ஒரே வரிசையில். அம்மாவுக்குக் காய்ச்சல். திர்சா ஐஸ் வண்டிக்காரரிடம் பெரிய கட்டியாக வாங்கிச் சாக்கில் சுற்றி, வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள். இது முதல் படம். வெளியே அனல்காற்று. வண்டிக் குதிரை நாக்கைத் தொங்கப்போட்டு நிற்கிறது. அதற்கு ஒரு முனையை நக்கக் கொடுக்கிறாள். தலையில் அடிபட்டு வீங்கிய மூட்டைக்காரருக்கு ஒரு துண்டு. பல் முளைத்து வீறிடும் குழந்தைக்கு ஒரு துண்டு. அடுத்த படத்தில் குழந்தை சிரிக்கிறது. மயங்கி விழவிருந்த பழைய புத்தகக் கடைக் கிழவருக்கு ஒரு துண்டு. கட்டி தேய்ந்துகொண்டே வருகிறது. மாடிப்படி ஏறும்போது கோலிக்குண்டு அளவு. எட்டாவது படத்தில் அந்தக் குண்டை அம்மாவின் நெற்றியில் வைக்கிறாள். அம்மா கண்ணை மூடியிருக்கிறாள், முகத்தில் வேதனை தணிந்திருக்கிறது.

கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வந்த முதல் கோடையில் இல்கா ஒரு ஐஸ்கட்டியோடு வீட்டு வழி தெரியாமல் அலைந்திருக்கிறாள். வழி கேட்ட ஒவ்வொருவருக்கும் அவளுடைய பாஷை புரியவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது கையில் ஈரச் சாக்குதான் மிச்சம். வீட்டுக்காரி ஃபெய்கா கபிலியோவிச், “சாக்கு வாங்கவா போனே?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த ஈரச் சாக்கைத்தான் அவள் இவ்வளவு அழகாக்கினாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கம் நோக்கி வரைந்தாள். திர்சாவுக்கு வலக்கைப் பழக்கம் வைத்தாள். மோதிரம் மாட்டுவதுபோல அந்த வலக்கையை அத்தனை பொறுமையாக வரைந்தாள். ‘முள்ளெலி’யில் வலக்கைக்காரி ஒருத்தி வருவது அதுவே முதல் தடவை. தெருவையும் வரைந்தாள்: உருண்டைப் பால்கனி, மணல் திட்டு, சோடாக் கடை. கடைக்குப் பலகை வரைந்தாள், பலகையில் எழுத்து வரையவில்லை. ஐஸ் வண்டியிலும் எழுத்தில்லை. இரண்டு வருஷமாக எழுத்தை அழித்த கைக்கு எழுத்து வைக்கத் தோன்றவேயில்லை.

படங்களை வழக்கமான மஞ்சள் உறையில் போட்டு, மோல்ஹோவின் பட்டறை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அவர் சாப்பிடப் போயிருந்தார். சொல்வதற்கு அவளிடம் எதுவும் இல்லை. இதற்கு முன்பும் ஒரு நாளும் எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லையே! உறை உள்ளே போகும், தகடு வெளியே வரும், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதழ் வெள்ளிக்கிழமை காலையில் வரும். இல்கா சோடாக் கடைக்குப் போனாள். நாலைந்து பிள்ளைகள் ஏற்கெனவே ஓர் இதழைச் சுற்றி மொய்த்துக் கிடந்தார்கள். அவர்கள் சிரித்தார்கள். சாதாரணச் சிரிப்பில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. இல்காவின் கால் தரையில் பாவவில்லை. இந்தக் கதையில் சிரிப்பதற்கு எதுவுமில்லையே என்று அவளுக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

“ஐயோ பாரேன், அம்மா நெத்தியிலேருந்தே எடுக்குறாடா!” என்றான் ஒருவன்.

“எடுத்துட்டு, பாட்டுல பாரு, ‘அம்மாவுக்காக வாங்கினாள் திர்சா’ன்னு போட்டிருக்கு! என்னா நெஞ்சழுத்தம்!”

“குழந்தையைப் பாரு. சிரிச்சுக்கிட்டிருந்துச்சு. புடுங்கினதும் வீல்லுனு கத்துது.”

“குடுத்தேன் குடுத்தேன்னு சொல்லிக்கிட்டே போறா. கட்டி பெருசாகிக்கிட்டே போவுது!”

இல்கா ஓர் இதழை வாங்கிப் பார்த்தாள். தலைப்புக்குக் கீழே அவள் பெயர் தெளிவாக இருந்தது, உயிர்ப்புள்ளியோடு. கீழே பாட்டுகள் அவள் நினைத்த வரிசையில் நல்ல பிள்ளையாக ஓடின. மேலே படங்கள் தலைகீழ் வரிசையில் நின்றன. அம்மாவின் நெற்றியிலிருந்து குண்டை எடுக்கிறாள் இடக்கைத் திர்சா, படி இறங்குகிறாள், கிழவரிடம் பிடுங்குகிறாள், குழந்தையிடம் பிடுங்குகிறாள், மூட்டைக்காரரிடம், குதிரையின் நாக்கிலிருந்து, கடைசிப் படத்தில் மலைபோலக் கட்டியை அணைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நிற்கிறாள். படத்தில் கொடுக்கிற கையும் பிடுங்குகிற கையும் ஒரே கைதான். எந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சோடாக் கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்து, “என்னம்மா, வெயிலா? ஐஸ் போட்டுத் தரவா?” என்றார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

மோல்ஹோவின் பட்டறையில் அவள் இதழை மேசையில் விரித்தாள். அவர் படத்தைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். மீசை தொங்கிப்போயிற்று.

“இது நீங்க வரைஞ்சதா?”

“ஆமா.”

“நீங்களேவா? முழுசுமா?”

“முழுசும்.”

“என் கண்ணைப் புடுங்கிக் காக்காய்க்குப் போட! மஞ்சள் உறையைப் பார்த்ததும் சித்திரக்கதைன்னு திருப்பாம இறக்கிட்டேன். எங்கேயோ பழைய கட்டுல கிடைச்சிருக்கும்னு நெனச்சேன். வேலை செய்யும்போதே சொன்னேன், அம்மணி, சத்தியமாச் சொன்னேன், ‘இந்த வெளிநாட்டுக்காரன் எவனோ, என்னமா வரையறான்! நம்ம ஆளுங்களுக்கு இது வருமா’ன்னு.”

இல்கா உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு எழுத்து!” என்றார் மோல்ஹோ, அழுகிற குரலில். “வண்டியில ‘ஐஸ்’னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அப்பவே புடிச்சிருப்பேனே. எழுத்தே இல்லாத ஊரை வரைஞ்சு வச்சிருக்கீங்களே, தாயே!”

“நான் எழுத்தை அழிக்கிறவ,” என்றாள் இல்கா.

அச்சுக்கு முன் யாரும் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார்கள். பென்-ட்சூர் கண்ணாடி போட்டுக்கொண்டு பாட்டின் உயிர்ப்புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒரு புள்ளி குறைந்திருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தவும் செய்தார். படத்தை எதற்குப் பார்ப்பது? அதைக் குழந்தைகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர் எண்ணம். பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. பிள்ளைகளின் கடிதம் கோணி கோணியாக வந்தது. அலுவலகக் கதவைத் திறக்க முடியாமல் பென்-ட்சூர் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தார் என்பார்கள். பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. கொடுத்தேன் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டே கட்டி வளர்கிறது என்றால் அது நகராட்சியைத்தான் குத்துகிறது என்றார்கள் சிலர். இல்லை, தொழிற்சங்கத்தை என்றார்கள் வேறு சிலர். காப்பிக் கடையில் இரு தரப்புக்கும் கைகலப்பு. ஆசிரியர் சங்கம் மட்டும் ஒரே குரலில் சொன்னது: இது கொள்ளையடிக்கக் கற்றுக்கொடுக்கும் கதை.

இல்கா பென்-ட்சூரின் அறைக்குப் போனபோது எல்யாகிம் ஷோஹமும் அங்கே இருந்தார். அவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

“என் பாட்டு ஒழுங்கான பாட்டு! அறம் சொல்ற பாட்டு! இந்த அம்மா படத்தால அதை விகடம் பண்ணிட்டாங்க. என் மாணவங்க என்னைப் பார்த்ததும் ‘குடுத்தேன் குடுத்தேன்’னு கத்துறானுங்க.”

“நான் பண்ணல,” என்றாள் இல்கா. “தகடு திரும்பிப்போச்சு. தோழர் பென்-ட்சூர், மறுபடி போடுங்க. சரியாப் போடுங்க. கீழ ஒரு வரி, ‘போன வாரம் படம் இடம் வலமா மாறிப்போச்சு’ன்னு. அது போதும்.”

பென்-ட்சூர் எழுந்து கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். அந்த வெக்கையில் அது எளிய காரியமில்லை.

“ஒரு வரிதானே? சரி. படிச்சவன் ஒருத்தன் கேப்பான், ‘ஏன்யா மாறுச்சு?’ன்னு. நான் என்ன சொல்ல? ‘எங்க பட்டறையில சித்திரக்கதை எல்லாத்தையும் இடம் வலமாத்தான் இறக்குவோம்’னு சொல்லவா? ‘அது ஏன்யா?’ம்பான். அன்னைக்குச் சாயங்காலமே ஊர்ல ஒவ்வொரு வீட்லயும் என் பழைய இதழைக் கண்ணாடி முன்னால வச்சுப் பார்ப்பாங்க. இடக்கை வீரனெல்லாம் வலக்கைக்காரனாயிடுவான். உங்க தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேருந்து மாதாகோவில் மணியடிக்கும்! முழுக்க முழுக்க இந்த மண்ணில் விளைஞ்சதாம்! சிரிச்சே சாகடிச்சிடுவாங்க.”

“அப்போ என் பேரு?”

“உங்க பேரு ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சே, தோழர் இல்கா! அதைத்தானே கேட்டீங்க?”

இல்காவுக்குப் பதில் ஹங்கேரிய மொழியில்தான் கிடைத்தது, அதை அந்த அறையில் சொல்லி என்ன பயன்?

“கேளுங்க,” என்றார் பென்-ட்சூர், குரலைத் தணித்து. “பிள்ளைங்களுக்கு அவ வேணும். பிடுங்கித் திர்சா. சங்கத்துக்கு நீதி வேணும். நான் ரெண்டையும் சேத்து வச்சுட்டேன். வாராவாரம் அவ ஏதாவது பிடுங்கட்டும். கடைசிப் படத்துல நல்லா வாங்கிக் கட்டிக்கட்டும். குளவி கொட்டட்டும், கடல்ல விழட்டும், அப்பா கன்னத்துல வைக்கட்டும். பாட்டு ஷோஹம், படம் நீங்க. பேரோட. சொன்ன வார்த்தை மாறமாட்டேன்.”

“நான் மாட்டேன்னு சொன்னா?”

“நம்ம கடற்கரையிலயே கப்பல் சரக்கு இறக்க மரத்துல துறை போட்டுட்டாங்க, பார்த்தீங்கல்ல? கப்பல் வர ஆரம்பிச்சாச்சு. கட்டு வந்துரும். பக்கம் பழையபடி வெளிநாட்டுக் கதைக்கு. நீங்க பழையபடி கோவிலுக்கு.”

வீடு வரும் வழியில் அவள் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். பக்கத்தை விடக் கூடாது. கொஞ்ச வாரம் பிடுங்கட்டும். பிறகு மெல்ல மெல்ல அவளைத் திருப்பிவிடலாம். கையில் தூரிகை இருக்கிறவள் நான்தானே! மூழ்குகிறவனுக்குத் துரும்பும் தெப்பம்.

இரண்டு மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தாள். அந்த வாரப் படத்தில் திர்சா ஒரு தெருப்பூனைக்குத் தன் மத்தி மீனைக் கொடுத்தாள். பென்-ட்சூர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“அவ திருந்திட்டா நாம கடையைக் கட்டணும், தோழர் இல்கா.”

“ஒரு வாரம் மட்டும்.”

“சரி, உங்க ஆசைக்கு.”

போட்டார். பிள்ளைகளின் கடிதம் வந்தது. மீனில் விஷம் வைத்திருக்கிறாளா என்று கேட்டு அம்பது பேர் எழுதியிருந்தார்கள். பூனை எப்போது சாகும் என்று கேட்டு மீதிப் பேர். அடுத்த வாரம் ஷோஹம் அதற்கு ஒரு பாட்டே எழுதிவிட்டார். பூனையை அவள்தான் வரைய வேண்டியிருந்தது, நாலு காலும் மேலே பார்க்க.

அதற்குப் பிறகு அவள் முயலவில்லை. வாராவாரம் திர்சா பிடுங்கினாள், வாராவாரம் அடி வாங்கினாள். குளவி கொட்டியது, கள்ளிச்செடியில் விழுந்தாள், கோந்து டப்பாவில் மாட்டிக்கொண்டாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்த திர்சாவை இல்கா மாதிரி வரைய அந்த ஊரில் ஆளில்லை என்று பெயர் வாங்கினாள். ஒரு கஷ்டமும் இல்லாமல் கிடைத்த பெயர் அது. மோல்ஹோ இப்போதெல்லாம் உறையை ஏழு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு பிசகில்லாமல் இறக்கினார். எந்தத் தெருவுக்குப் போனாலும் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு “பிடுங்கி அத்தை! பிடுங்கி அத்தை!” என்று கத்தினார்கள். அன்பாகத்தான். வீட்டுக்காரி ஃபெய்கா சமையலறையில் தன் சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போட்டாள்.

“உன்னைச் சொல்லல, இல்கா,” என்றாள். “ஆனா இதெல்லாம் ஒருத்திக்கு எப்படித் தோணுது? உள்ள இல்லாதது வெளிய வருமா?”

அன்றிலிருந்து இல்கா தேநீரைச் சர்க்கரையில்லாமல் குடித்தாள்.

யுத்தம் வந்தது. காகிதம் குறைந்து பத்திரிகை இளைத்தது. எட்டுப் படம் ஆறாயிற்று, ஆறு நாலாயிற்று. நாலு படத்தில் பிடுங்கவும் வேண்டும், அடி வாங்கவும் வேண்டும். யாருக்கும் எதையும் கொடுப்பதற்கு இனி இடமே இல்லை. தெமேஷ்வாரிலிருந்து கடிதம் வருவது நின்றது. வருஷங்கள் போயும் அவளுடைய திர்சா மட்டும் பத்து வயதுச் சிறுமியாகவே இருந்தாள்.

ஒருநாள் மோல்ஹோ அவளைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே நின்றார், ஏதோ தப்புச் செய்தவர்போல.

“அந்த மொதல் கதையோட மூலப்படம் என்கிட்டயேதான் இருந்துச்சு, அம்மணி. வீசிப்போட மனசு வரல. நேத்துக் கொஞ்சம் தகடு மிஞ்சுச்சு.” ஒரு தாளை எடுத்து நீட்டினார். “திருப்பி இறக்கினேன். பாட்டையும் பழைய இதழைப் பார்த்துத் திரும்பக் கோத்துப் போட்டேன். ஒரே ஒரு படிதான். ஆசிரியருக்குத் தெரிஞ்சா மீசையைச் சிரைச்சுடுவார்.”

எட்டுப் படமும் வலமிருந்து இடமாக, அவள் வரைந்தபடியே நின்றன. வலக்கைத் திர்சா. சிரிக்கும் குழந்தை. அம்மாவின் நெற்றியில் ஈரம்.

“நல்லாயிருக்கா?” என்றார் மோல்ஹோ.

“நல்லாயிருக்கு,” என்றாள் இல்கா. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையெல்லாம் மை. இவள் கையும் மையாயிற்று.

தாளை மடிக்காமல், காற்றில் கசங்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். யாரிடமாவது காட்ட வேண்டும். ஒரே ஒரு குழந்தை அதைச் சரியாகப் படித்துவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. படிக்கட்டில் ஸோஹரா உட்கார்ந்திருந்தாள், ஃபெய்காவின் பேத்தி, ‘முள்ளெலி’யை வரிவிடாமல் படிக்கிறவள்.

“அத்தை, அது திர்சாதானே! நான் பார்க்காத திர்சாவா?”

“நீ பார்க்காதது. படிச்சுச் சொல்லு.”

ஸோஹரா தாளை மடியில் விரித்து, விரலை வைத்து, வலப்பக்கத்திலிருந்து தொடங்கினாள். பாட்டையும் வாய்விட்டுப் படித்தாள். குதிரை வந்தது. மூட்டைக்காரர் வந்தார். இல்கா சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அடுத்த படத்துக்குப் போகும்போதெல்லாம் அவளுடைய மூச்சும் கூடப் போயிற்று. ஸோஹரா எட்டாவது படம்வரை வந்தாள். அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். மறுபடி முதல் படத்துக்குப் போனாள்.

“என்ன?” என்றாள் இல்கா.

“அத்தை, யாரோ தப்பாப் போட்டுட்டாங்க.”

“எது தப்பு?”

“எல்லாமே. திர்சா போய்க் குடுப்பாளா? அவ பிடுங்குறவ.” விரலை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக இழுத்துக் காட்டினாள். “இப்படிப் போகணும். இங்க அம்மாகிட்டேருந்து எடுக்குறா, இங்க கிழவர்கிட்ட, இங்க பாப்பாகிட்ட. அப்பதான் கட்டி பெருசாகும். அச்சாபீஸ்ல தூங்கிட்டாங்க போல.”

“அவ மொதல்ல நல்லவளா இருந்தா, ஸோஹரா.”

ஸோஹரா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். பெரியவர்களுக்குப் படக்கதை புரியாது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்த சங்கதிதான். வரைகிறவர்களுக்குக்கூடப் புரியாது என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

“அழாதீங்க அத்தை, நான் சரி பண்ணித் தரேன்,” என்றாள். உள்ளே ஓடிப்போய்ப் பாட்டியின் கத்தரிக்கோலையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்துவந்தாள். படம் ஒவ்வொன்றையும் கோட்டோடு கோடாக, ஒரு நூல் பிசகாமல் கத்தரித்தாள். நல்ல கை அந்தப் பெண்ணுக்கு. அம்மாவின் நெற்றியை எடுத்து வலப்பக்க மூலையில் முதலாவதாக வைத்தாள். அழுகிற குழந்தையைச் சிரிக்கிற குழந்தைக்கு அடுத்ததாக வைத்தாள்.

“பசை இருக்கா அத்தை?”

இல்காவிடம் எப்போதும் பசை இருக்கும். அறைக்குள் போய்க் கிண்ணத்தை எடுத்துவந்து கொடுத்தாள். படிக்கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஸோஹரா கேட்கக் கேட்க ஒவ்வொரு படத்தின் பின்புறமும் மெல்லியதாகத் தடவிக் கொடுத்தாள், ஓரத்தில் பிதுங்காமல், தொழில் தெரிந்தவர்கள் தடவுகிற மாதிரி. ஈரத்தில் தாள் சுருண்டு எழுந்தது. பசை காய்கிற வரையில் இரண்டு பேரும் குனிந்து அதன்மேல் ஊதிக்கொண்டிருந்தார்கள்.